ஆயிரம் பவுண்டு சைக்கிள்: ஆபீஸ் வழியாகவா, கடையில் நேராகவா?

பிரிட்டனில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்களில் பலருக்கு எச்.ஆரிடமிருந்து அந்த மின்னஞ்சல் வந்திருக்கும்: ‘சைக்கிள் டு ஒர்க்’ திட்டத்தில் சேருங்கள், 28 முதல் 47 சதவீதம் வரை மிச்சம். சேர்வதா, இல்லை கடையில் தள்ளுபடி வரும்வரை காத்திருந்து கைக்காசுக்கு வாங்கிவிடுவதா? 1,000 பவுண்டு விலை போட்ட ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு இரண்டு பக்கமும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

திட்டம் 1999-ல் வந்த ஒரு வரிச்சலுகை. கம்பெனி சைக்கிளை வாங்கி உங்களுக்கு வாடகைக்குத் தரும். பெரும்பாலும் 12 மாதம். வரி பிடிப்பதற்கு முன்பே சம்பளத்திலிருந்து வாடகை கழிந்துவிடுவதால், அந்தத் தொகைக்கு வருமான வரியும் இல்லை, நேஷனல் இன்சூரன்ஸ் என்ற அரசுக் காப்பீட்டுப் பிடித்தமும் இல்லை. 20 சதவீத வரி கட்டுகிறவருக்கு இன்சூரன்ஸ் 8 சேர்த்து 28. 40 கட்டுகிறவருக்கு இன்சூரன்ஸ் 2 மட்டும், ஆக 42. உச்ச வரியான 45 கட்டுகிறவருக்கு 47. மின்னஞ்சலில் வரும் எண்கள் இவைதான், பொய்யில்லை. ஆனால் அதில் பாதிக் கதைதான் இருக்கிறது.

12 மாத வாடகை முடிந்த பிறகும் சைக்கிள் உங்களுடையது அல்ல. கம்பெனி அதைச் சும்மா கொடுத்தால் அதுவே வரிக்குரிய சலுகை ஆகிவிடும். அதனால் வரித்துறை ஒரு விலை அட்டவணை வைத்திருக்கிறது. 500 பவுண்டுக்கு மேற்பட்ட சைக்கிள் என்றால் ஒரு வருடம் கழித்து அதன் மதிப்பு 25 சதவீதம், நான்கு வருடம் கழித்து 7 சதவீதம். 500-க்குக் கீழே என்றால் 18, அப்புறம் 3.

இப்போது நம் சைக்கிளுக்கு வருவோம். 20 சதவீத வரிக்காரரின் பேஸ்லிப்பில் மாதம் 83.33 பவுண்டு கழியும், ஆனால் கைக்கு வரும் சம்பளத்தில் குறைவது 60 மட்டுமே. வருடத்துக்கு 720. முதல் வருட முடிவிலேயே சைக்கிளைச் சொந்தமாக்க நினைத்தால் இன்னும் 250, ஆக 970. முப்பது பவுண்டுக்காக ஒரு வருடம் கம்பெனியின் சைக்கிளை ஓட்டியதுதான் மிச்சம்! அப்படிச் செய்யாமல், 7 சதவீதத்தை, அதாவது 70 பவுண்டை, முன்பணமாகக் கட்டி மேலும் மூன்று வருடம் வாடகையில்லாமல் வைத்துக்கொண்டால் மொத்தம் 790. திட்டத்தில் சேர்கிறவர்கள் இந்த இரண்டாவது வழியைத்தான் எடுக்க வேண்டும். கிரீன் கம்யூட் இனிஷியேட்டிவ் போல, முடிவில் பெரிய தொகை கேட்காத திட்டங்களும் உண்டு. ஆனால் எந்தத் திட்டம் என்று முடிவு செய்வது உங்கள் கம்பெனி.

கடைப்பக்கம் பாருங்கள். அடுத்த வருட மாடல்கள் வரும் இலையுதிர் காலத்தில் பழைய மாடலுக்கு 20 சதவீதத் தள்ளுபடி என்பது அதிசயமில்லை. 800 பவுண்டு, அன்றைக்கே உங்கள் பெயரில் ரசீது. 790-க்கும் 800-க்கும் நடுவே நான்கு வருடக் காகித வேலை. என்னைக் கேட்டால் 20 சதவீத வரிக்காரருக்குக் கடையே மேல்.

தள்ளுபடி விலையிலேயே, திட்டத்தில் தரும் வவுச்சரையும் நீட்டினால் இரட்டை லாபம்தானே என்று தோன்றும். கடைக்காரர் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். வவுச்சர் வழியாக விற்றால் அவர் திட்டத்தை நடத்தும் நிறுவனத்துக்குக் கமிஷன் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே விலை குறைத்த சைக்கிளில் அவருக்கு ஒன்றும் மிஞ்சாது. அதனால் சிலர் மறுப்பார்கள், சிலர் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். வாய்விட்டுக் கேட்டுப் பாருங்கள், தப்பில்லை.

40 சதவீத வரிக்காரருக்கு நிலைமையே வேறு. 580, அதோடு 70, மொத்தம் 650. கடையில் 35 சதவீதத்துக்கு மேல் குறைத்தால்தான் இதை வெல்ல முடியும். ஸ்காட்லாந்தில் இன்னும் வேடிக்கை: அங்கே 42 சதவீத வரி ஆண்டுச் சம்பளம் 44,000 பவுண்டை எட்டும் முன்பே தொடங்கிவிடுகிறது, இன்சூரன்சின் 8 சதவீதமோ 50,270 வரை நீள்கிறது. நடுவில் மாட்டியவர்களுக்குப் பாதிக்குப் பாதி சலுகை. இவர்கள் யோசிக்கவே வேண்டாம், திட்டம்தான்.

வட்டியில்லாத் தவணை என்று கடைகள் காட்டுவதைத் திட்டத்துக்குப் போட்டியாக நினைக்க வேண்டியதில்லை. அது பணத்தைப் பிரித்துக் கட்டும் வசதி, அவ்வளவுதான். பழைய சைக்கிள் வாங்குவது எல்லாவற்றையும்விட மலிவு. ஆனால் அது திருட்டு சைக்கிளா என்று, பிரேம் நம்பரை பைக்ரெஜிஸ்டர் இணையதளத்தில் தட்டிப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

எனக்குப் பிடித்தது கலப்பு வழி. திட்டத்தில் சைக்கிள்தான் வாங்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, துணைச் சாமான்களை மட்டும் எடுக்கவும் இடமிருக்கிறது. பூட்டு, விளக்கு, ஹெல்மெட், மட்கார்டு, கேரியர், பக்கவாட்டுப் பை, பம்ப், பஞ்சர் கிட், குழந்தை சீட் எல்லாம் பட்டியலில் உண்டு. இவற்றுக்குப் பெரிய தள்ளுபடி வரும் என்று நம்பியிருக்க முடியாது. 300 பவுண்டுக்கு எடுத்தால் 216-ம், 3 சதவீதமாக 9-ம் சேர்த்து 225. சைக்கிளைத் தள்ளுபடியில் கைக்காசுக்கு, சாமானை வவுச்சருக்கு. உங்கள் கம்பெனி இதற்கு ஒத்துக்கொள்ளுமா என்று மட்டும் முதலில் கேட்டுவிடுங்கள்.

திட்டமே கிடைக்காதவர்கள் உண்டு. வாடகை கழிந்தபின் சம்பளம் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போகக் கூடாது என்பது விதி. சலுகை அதிகம் தேவைப்படுகிறவருக்கே கதவு மூடியிருக்கிறது, இது எனக்கு எரிச்சலான விஷயம். சொந்தக் கடை வைத்திருக்கும் நம்மவர்களுக்கும் தனிநபர் வியாபாரமாக இருந்தால் வழியில்லை. லிமிடெட் கம்பெனியாகப் பதிந்து அதில் சம்பளம் எடுப்பவர் பயன்படுத்தலாம், வேலையாட்களுக்கும் அதே வசதியைத் திறந்துவைக்க வேண்டும்.

சேர்ந்துவிட்டீர்களா? நடுவில் வேலையை விட்டால் மீதி வாடகை, வரி பிடித்த பிறகான கடைசிச் சம்பளத்தில் மொத்தமாகக் கழியும். சைக்கிள் திருடு போனாலும் வாடகை நிற்காது, வீட்டு இன்சூரன்சில் அதைச் சேர்த்துவிடுங்கள். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் தேதியையும் பார்க்க வேண்டும். பேறுகாலத்தின் முதல் ஆறு வாரத்துக்குச் சராசரிச் சம்பளத்தில் 90 சதவீதம் தருகிறார்கள். அந்தச் சராசரி, பிரசவத் தேதிக்குச் சுமார் 15 வாரம் முன்பு முடியும் எட்டு வாரச் சம்பளத்தில் கணக்கிடப்படுவது. மாதம் 83 பவுண்டு வாடகை அதற்குள் விழுந்தால் ஆறு வாரத்தில் ஏறக்குறைய 100 பவுண்டு குறையும். சட்டப்படியான பேறுகாலச் சம்பளத்தில் வாடகையைக் கழிக்கவும் முடியாது என்பதால், அந்த மாதங்களில் தவணையை என்ன செய்வார்கள் என்று கையெழுத்துப் போடும் முன் எச்.ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.