மாஸ்க்டு ஆதார்: ஃப்ரீதான், யூஸ் பண்ணுங்கப்பா

லாட்ஜ்ல ரூம் கேட்டா போதும் ஆதார் ஜெராக்ஸ் குடுன்றான், அது அப்புறம் எந்த டிராயர்ல கெடக்கும்னு யாருக்குத் தெரியும். மைஆதார் சைட்ல ஓடிபி போட்டு டவுன்லோட் பண்றப்ப மாஸ்க்டுன்னு ஒரு டிக் பாக்ஸ் வரும், அத டிக் பண்ணா மொத 8 நம்பர் மறைஞ்சு கடைசி 4 மட்டும்தான் தெரியும். சூப்பர். ஆனா போட்டோ, பேரு, அட்ரஸ் எல்லாம் அப்படியேதான் இருக்கு. பிடிஎஃப் பாஸ்வேர்டு இங்கிலீஷ் பேரோட மொத 4 எழுத்து கேப்பிடல்ல ப்ளஸ் பொறந்த வருஷம், இதெல்லாம் ஒரு பாஸ்வேர்டா, சொந்தக்காரன் எவனும் தொறந்துடுவான். போன தடவ ஒரு லாட்ஜ் ரிசப்ஷன்ல "ஃபுல் நம்பர் வேணும் சார்"னு அடம் புடிச்சாங்க, டிரைவிங் லைசென்ஸ நீட்டினேன், வாங்கிக்கிட்டாங்க. கைரேகைய லாக் பண்ற ஆப்ஷனும் இருக்கு, அதையும் ஆன் பண்ணி வைங்க. 4/5.