1,950 திர்ஹாம் போனது: மழை நேரத்தில் அவசர டிக்கெட் எடுக்கும் முன் இதைப் படியுங்கள்

இன்று 2024 மே 1. இங்கே அமீரகத்தில் நாளை மறுபடி மழை என்று அறிவிப்பு வந்துவிட்டது, பள்ளிகளுக்கு வீட்டிலிருந்தே பாடம் என்றும் சொல்லிவிட்டார்கள். போன மாதம் போல விமானங்கள் ரத்தானால், யாரோ ஒருவர் என்னைப் போலவே தெருமுனை டிராவல்ஸ் கடையில் போய் நிற்பார். அவருக்காகத்தான் இப்போது அவசரமாக எழுதுகிறேன்.

ஏப்ரல் 16 மழையைப் பற்றி இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1949-இல் கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து அப்படிப் பெய்ததில்லை. அல் ஐன் பக்கம் ஒரே நாளுக்குள் 254 மில்லிமீட்டர். துபாய் விமான நிலையத்தில் இரண்டு நாளில் 1,244 விமானங்கள் ரத்து. அந்த 1,244-இல் ஒன்று, 17-ஆம் தேதி நான் திருச்சிக்குப் போக வேண்டிய விமானம். அந்தப் பணத்தை விமான நிறுவனம் திருப்பிக் கொடுத்துவிட்டது, அதில் எனக்குக் குறையில்லை.

அப்பாவுக்கு 21-ஆம் தேதி தலைத்திவசம். நான் மூத்தவன். விடுமுறையை மாற்றலாம், திதியை மாற்ற முடியுமா?

ஷார்ஜாவில் அல் காசிமியாவில் பெட் ஸ்பேஸில், அதாவது பலர் பங்கிட்டுத் தங்கும் அறையில் ஒரு கட்டிலை வாடகைக்கு எடுத்து, இருக்கிறேன். 18-ஆம் தேதியும் எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். லிஃப்ட் ஓடவில்லை. ஆறு மாடி இறங்கி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, அடுத்த தெருவில் இருக்கும் அந்த டிராவல்ஸுக்கு நடந்தே போனேன். வாசலில் மணல் மூட்டை, உள்ளே பத்துப் பதினைந்து பேர். கவுண்டரில் இருந்த பையன் என் பேச்சைக் கேட்டதுமே, "அண்ணே, தஞ்சாவூர் பக்கமா? நமக்குப் பாபநாசம்" என்றான். அப்பா விஷயத்தைச் சொன்னேன். எழுந்து வந்து நாற்காலி போட்டான். ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்து, "திவசத்துக்கு மகன் இல்லாம எப்படிண்ணே, நான் அனுப்பி வைக்கிறேன்" என்றான். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அந்த நிமிடத்தில் அவனை என் தம்பியாகவே நினைத்துவிட்டேன், அதுதான் நடந்தது.

அபுதாபியிலிருந்து 19 இரவு சென்னைக்கு ஒரே ஒரு சீட் இருக்கிறது, 1,950 திர்ஹாம் என்றான். வழக்கமான விலையே இல்லை, ஆனாலும் சரி என்றேன். கார்டை நீட்டினால், "நெட் இல்லண்ணே, மெஷின் வேலை செய்யல, கேஷா கொடுங்க" என்றான். வாடகைக்கும் ஊருக்கு அனுப்பவும் வைத்திருந்த பணம் 1,950 திர்ஹாமை எண்ணிக் கொடுத்தேன். நெட் இல்லாதவன் எப்படி டிக்கெட் போட்டான் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு தாளை அச்செடுத்துக் கொடுத்தான். என் பெயர், விமான எண், நேரம், ஆறு எழுத்தில் பிஎன்ஆர் என்கிற முன்பதிவு எண், பக்கத்திலேயே 'கன்ஃபர்ம்டு'. பில் கேட்டதற்கு அதே தாளின் பின்னால் நீலப் பேனாவில் '1950 பெய்டு' என்று எழுதிக் கீழே ஒரு கோடு போட்டான். சீல் இல்லை, கையெழுத்தும் இல்லை. அந்தத் தாள் இப்போதும் என்னிடம் இருக்கிறது. தண்ணீரில் நனைந்து மை பரவி, 1950-இல் சைபர் மட்டும் கலங்கிப் போயிருக்கிறது.

19-ஆம் தேதி கார் லிஃப்டில், அதாவது காசு கொடுத்து ஏறிக்கொள்ளும் தனியார் காரில், 350 திர்ஹாம் கொடுத்து, எங்கெங்கோ சுற்றி, ஐந்து மணி நேரத்தில் அபுதாபி போய்ச் சேர்ந்தேன். கவுண்டரில் அந்தப் பெண் ஆறு எழுத்தையும் இரண்டு தடவை தட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: இந்தப் பெயரில் புக்கிங் போட்டிருந்தார்கள், ஆனால் டிக்கெட் இஷ்யூ செய்யவில்லை, பணம் கட்ட வேண்டிய நேரம் தாண்டியதும் அது தானாக ரத்தாகிவிட்டது. "உங்கள் டிக்கெட் நம்பர் எங்கே?" என்று கேட்டார். தாளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தேன். இல்லை. அப்படி ஒரு நம்பர் இருக்கும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

திவசத்தைத் தம்பி செய்தான். நான் வீடியோ காலில் பார்த்தேன். பிண்டம் வைக்கும்போது லைன் போய்விட்டது.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். விமான நிலையத்திலிருந்து போன் செய்தபோது, "சிஸ்டம் பிரச்சினைண்ணே, நாளைக்கு வேற போட்டுத் தர்றேன்" என்றான். மறுநாள் போனே எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. 22-ஆம் தேதி நேரில் போனால், "பணம் மெயின் ஏஜென்ட்கிட்ட போயிடுச்சு, ஏழு வேலை நாள் ஆகும்" என்றான். டிக்கெட்டே போடாதபோது பணம் ஏஜென்டிடம் எதற்குப் போனது என்று கேட்டேன். "முதலாளி ஊருக்குப் போயிருக்கார், அவர் வந்தாத்தான்" என்றான். 29-ஆம் தேதி போனபோது பாபநாசத்துப் பையனைக் காணோம். வேறொருவர் உட்கார்ந்திருந்தார், தாளைத் தொடக்கூட இல்லை. "இதுல எங்க சீல் எங்க இருக்கு? மழை பெஞ்சா நாங்க என்ன பண்றது?" என்றார். கூட இருந்தவர், அடுத்த தடவை டிக்கெட் எடுக்கும்போது 200 கழித்துக்கொள்ளலாம் என்றார். நான் கேட்பது 1,950. என் சம்பளத்தில் கிட்டத்தட்ட ஒரு மாதம்.

என்னென்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். காலை ஐந்துக்கு டூட்டி, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். பிஎன்ஆர் இருந்தால் டிக்கெட் இருக்கிறது என்று அர்த்தமில்லை, 'கன்ஃபர்ம்டு' என்று போட்டிருந்தாலும் இல்லை. பல விமான நிறுவனங்கள் கொடுக்கும் 13 இலக்க டிக்கெட் நம்பர் தாளில் இருக்கிறதா என்று பாருங்கள். கடையிலேயே நின்று, உங்கள் போனில் விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் அந்த பிஎன்ஆரைப் போட்டு, டிக்கெட் ஆகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். மெஷின் வேலை செய்யவில்லை, கேஷ் கொடு என்றால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். சீல் போட்ட பில் இல்லாமல் ஒரு திர்ஹாம்கூடக் கொடுக்காதீர்கள், நுகர்வோர் பாதுகாப்பில் புகார் கொடுக்கப் போனாலும் முதலில் அதைத்தான் தேடுவீர்கள். ஊர்ப் பெயர் சொல்லிப் பேசுகிறவனிடம் இன்னும் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள்.

அந்த நனைந்த தாளையும் வாட்ஸ்அப் செய்திகளையும் வைத்தே புகார் எழுதியிருக்கிறேன். டூட்டி முடிந்ததும், மழை பெய்தாலும் சரி, கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். அல் காசிமியாவில் வேறு யாராவது இதே போல 18, 19 தேதிகளில் கேஷ் கொடுத்து ஏமாந்திருந்தால் எனக்குச் செய்தி அனுப்புங்கள், சேர்ந்தே போகலாம்.