கணக்கில் விழும் முதல் காசைப் பார்த்து ஏமாறாதீர்கள் (ஏ.எல். முடித்த பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு)

ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதிவிட்டு றிசல்ட்ஸ் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கும் பிள்ளை உங்களுக்கு இருந்தால் இதை முழுக்க வாசியுங்கள். இணையத்தில் வேலை என்று சொல்லிக் காசைப் பறித்து, கடைசியில் பிள்ளையின் வங்கிக் கணக்கையும் மாட்டிவிடுகிற மோசடியைப் பற்றித்தான் எழுதுகிறேன். நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆள் பெயர், வங்கிப் பெயர் எதுவும் போடவில்லை. முறைப்பாடு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது, அதோடு பெடியனின் பெயர் ஊரில் இழுபட்டது போதும்.

என் அக்காவின் மகன், வயது 19. கணக்கில் கெட்டிக்காரன், ரிக்ரொக்கில் கண்டதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. வெளிநாட்டு நம்பரில் இருந்து ‘பார்ட் டைம் வேலை’ என்று வட்ஸ்அப்பில் மெசேஜ் வந்தால் அவனே புளொக் பண்ணிவிடுவான். அவன் மாட்டியது அதில் இல்லை. பின்னேரம் கிரிக்கெட் விளையாடப் போகும் கிரவுண்டில் ஒரு ‘அண்ணா’ இருக்கிறார், புது பைக், விலை கூடின போன், சின்னப் பிள்ளைகளுக்குச் சோடா வாங்கிக் கொடுக்கும் தாராளம். அவர்தான் ரெலிகிராம் லிங்க் ஒன்றை அனுப்பி, “தம்பி, நானும் இதிலதான் உழைக்கிறன், சும்மா செய்து பார்” என்றிருக்கிறார். இணையத்தில் தெரியாத ஆட்களோடு கதைக்காதே என்றுதான் நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். இங்கே லிங்க் வந்தது தெரிந்த ஆளிடம் இருந்து.

வேலை என்னவென்றால் கூகுள் மப்பில் ஏதோ ஒரு நாட்டு ஹோட்டலுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டு ஸ்கிரீன்ஷொட் அனுப்ப வேண்டும். முதல் நாளே 900 ரூபா வங்கியில் விழுந்தது, உண்மையாகவே விழுந்தது, எஸ்எம்எஸ் வந்தது, ஏரிஎம்மில் எடுத்தும் பார்த்தான். அக்காவுக்கும் சந்தோசம். பிள்ளை வீட்டில் இருந்தபடியே நாலு காசு பார்க்கிறான் என்று பக்கத்து வீட்டுக்கும் சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகு ‘விஐபி குறூப்’. 5,000 போட்டால் 6,500 திரும்பும் என்றார்கள், திரும்பியது. அந்தக் குறூப்பில் ஒரு நூறு பேர் நாள் முழுக்கத் தங்கள் லாபத்தைப் போட்டோ எடுத்துப் போடுவார்கள், கஷ்டப்பட்டுக் கிடந்தேன் இப்போது வீடு கட்டுகிறேன் என்று கண்ணீர் வரக் கதைப்பார்கள். பார்த்தால் அத்தனையும் அவர்களின் ஆட்கள்தான், அந்த நூறு பேருக்குள் உண்மையான ஆள் இவன் ஒருவன் மட்டுமாகக்கூட இருந்திருக்கலாம். பிறகு 30,000 போட்டான். இந்த முறை அவர்களின் வெப்சைட்டில் அவன் கணக்கு மைனஸில் போய்விட்டது. ‘கொம்பினேஷன் ராஸ்க்’ என்று ஒரு கூட்டு வேலை விழுந்து கணக்குப் பூட்டுப்பட்டுவிட்டதாம், பூட்டைத் திறக்க இன்னும் போட வேண்டுமாம். போட்டான். அடுத்து ‘கிரெடிட் ஸ்கோர்’ குறைந்துவிட்டதாம். அதற்கும் போட்டான். கடைசியில் எடுக்கப்போனால் 20 வீதம் வரி முன்கூட்டியே கட்ட வேண்டுமாம். கனடாவில் இருக்கும் மாமி லப்டொப் வாங்க அனுப்பிய 180,000 ரூபாவும் போய்விட்டது. திரையில் மட்டும் அவனுக்கு நாலரை இலட்சம் இருப்பதாகக் காட்டிக்கொண்டே இருந்தது.

இவ்வளவும் பலர் கேள்விப்பட்ட கதை. நான் எழுத வந்தது இதற்குப் பிறகு நடந்ததை.

காசு தீர்ந்துவிட்டது என்று அவன் சொன்னதும், ‘ஒருங்கிணைப்பாளர்’ என்று கதைத்த பெண் (அக்கா என்றுதான் கூப்பிட்டிருக்கிறான், மற்றப் பக்கத்தில் இருந்தது பெண்தானோ யாருக்குத் தெரியும்) மிக அன்பாக ஒரு வழி சொன்னார். “உங்கட எக்கவுண்டுக்கு 60,000 வரும். 3,000 நீங்கள் எடுங்கோ, மிச்சத்தை நான் சொல்லுற எக்கவுண்டுக்கு மாத்தி விடுங்கோ, உங்கட மைனஸ் கொஞ்சம் கொஞ்சமாத் தீரும்.” அவனும் செய்தான். வேறு வேறு பெயர்களில் காசு வந்தது, வேறு வேறு பெயர்களுக்குப் போனது. ஒருநாள் காலையில் கார்ட் வேலை செய்யவில்லை. வங்கிக்குப் போனால் கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது. தெற்கில் ஒரு பெண் இதே மாதிரி ஏமாந்து பொலிஸில் சொல்லியிருக்கிறார், அவர் காசு போட்ட கணக்கு எங்கள் பெடியனுடையது. அந்தப் பெண்ணின் முறைப்பாட்டில் கள்ளன் இவன்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அவனுக்கு முதல் நாள் விழுந்த 900 ரூபா எங்கிருந்து வந்திருக்கும்? அதுவும் இன்னொரு பிள்ளை எங்கேயோ இருந்து மாற்றிவிட்ட, வேறு யாரோ ஏமாந்த காசுதான். இவர்கள் தங்கள் பெயரில் ஒரு சதமும் எடுக்கமாட்டார்கள். இடையில் ஐந்தாறு பெடியன்களின் கணக்குகளை அடுக்கி வைத்து, காசை ஒன்றில் இருந்து ஒன்றுக்கு ஓடவிட்டு, கடைசியில் கிரிப்ரோவாக (இணைய நாணயமாக) மாற்றி நாட்டைவிட்டே கொண்டுபோய்விடுகிறார்கள். பொலிஸ் பின்னால் தேடிக்கொண்டு வந்தால் நிற்கிறது எங்கள் வீட்டுக் கேற்றில். சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டபோது 2006ஆம் ஆண்டின் பணந் தூயதாக்கல் (களவுக் காசை நல்ல காசு மாதிரி மாற்றுவது) தடுப்புச் சட்டத்தைப் பற்றிச் சொன்னார், அக்கா அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள்.

கிரவுண்ட் அண்ணாவின் வேலை என்னவென்றும் பிறகுதான் தெரிந்தது. லிங்க் அனுப்புவது ஒரு பக்கம். மற்றப் பக்கம், பாவிக்காத ஏரிஎம் கார்ட், பின் நம்பர், கணக்கோடு பதிந்த சிம், மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால் 10,000 ரூபா தருகிறார். ‘என்ர எக்கவுண்ட்டுக்கு லிமிட் முடிஞ்சுது, ஒரு கிழமைக்குத் தா’ என்று கேட்பாராம். அம்மாவின் கார்டைக் கொண்டுபோய்க் கொடுத்த 16 வயதுப் பிள்ளை ஒன்றும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறது. எனக்கு அந்த ரெலிகிராம்காரர்களை விட இந்த ஆள்மேல்தான் கோபம். இவர் எங்கள் கோயில் திருவிழாவில் தண்ணீர்ப்பந்தலில் நின்றவர்.

வங்கியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். கவுண்டரில் இருந்தவர் முழு சனத்துக்கும் கேட்கிற மாதிரி, “நீங்கள்தானே தம்பி ஓடிபி அடிச்சு அனுப்பினது, பிறகு எங்களிட்ட வந்து என்ன?” என்றார். பெடியன் கூனிக் குறுகிப் போய்விட்டான். காசு உடனடியாக மாறுகிற முறை என்பதால் போனதைத் திருப்புவது கஷ்டம், அது எனக்கும் விளங்குகிறது. ஆனால் எழுத்தில் முறைப்பாடு எடுக்கவும், காசு போன கணக்கு உள்ள வங்கிக்கு அறிவிக்கவும் அவர்களுக்கு என்ன கஷ்டம்? எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை குத்தி வாங்கும்வரை நாங்கள் அசையவில்லை. வங்கி சரியாகப் பதில் தராவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்குப் போகலாம், இலக்கம் 1935.

பொலிஸில் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். தமிழ் தெரிந்தவர் லீவாம். போடவில்லை. வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பிலேயே இருக்கிறது, காத்திருந்து தமிழில் எழுதுவித்து, வாசித்துப் பார்த்துத்தான் போட்டான். சண்டை பிடிக்கத் தேவையில்லை, மரியாதையாகச் சொன்னாலே போதும். ஆனால் பயந்துபோய் இருக்கிற பிள்ளையைத் தனியே அனுப்பினால் அது எதிலும் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வரும். யாராவது பெரியவர் கூடப் போங்கள்.

இதற்கிடையில் இன்னொரு கூத்து. பேஸ்புக்கில் அவன் உதவி கேட்டு எழுதினதைப் பார்த்துவிட்டு, ‘சைபர் பிரிவு அதிகாரி’ என்று ஒருவர் வந்தார். ஐடி கார்ட் படமெல்லாம் அனுப்பினார். போன காசை மீட்டுத் தருவாராம், கோப்புக் கட்டணம் 15,000. அதே கூட்டமாக இருக்கலாம், இல்லை ஏமாந்தவர்களின் பட்டியலை அவர்களிடம் வாங்கினவராக இருக்கலாம். போன காசை மீட்டுத் தருகிறேன் என்று காசு கேட்கிற எவரும் கள்ளர்தான், அதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

பொலிஸுக்குப் போனது தெரிந்ததும் மிரட்டலும் வந்தது. தொடக்கத்திலேயே அவன் அடையாள அட்டையின் இரு பக்கமும், முகத்தோடு எடுத்த செல்பியும் கொடுத்திருந்தான். அந்த முகத்தை வெட்டி ஒட்டி ஆபாசப் படம் செய்து ‘உன் நண்பர்கள் எல்லாருக்கும் அனுப்புவோம்’ என்றார்கள். அன்றிரவு அவன் யாரோடும் கதைக்கவில்லை, அக்கா அவன் அறைக் கதவடியில் பாயைப் போட்டுப் படுத்தாள். காசு போனதைவிட எனக்குப் பயம் தந்தது அந்த இரவுதான். இப்படி நிலைமை வந்தால் ஏச்சுப் பேச்சை ஒத்திவையுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. பிள்ளை 18 வயதுக்குக் கீழ் என்றால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929, தமிழிலும் கதைக்கலாம். பொலிஸின் சிறுவர், மகளிர் பிரிவு 109. இணைய மோசடி, கணக்குத் திருட்டு என்றால் ஸ்ரீலங்கா சேர்ட் (இணையப் பாதுகாப்புக்கான அரச அமைப்பு) 101. மிரட்டுகிறவனுக்கு ஒரு ரூபாவும் கொடுக்கக்கூடாது, கொடுத்தால் நாளைக்கும் கேட்பான். நாங்கள் அவனுடைய நண்பர்களுக்கு முதலே சொல்லிவிட்டோம், இப்படி ஒரு படம் வரலாம், பொய் என்று. ஒன்றும் வரவில்லை.

ஒன்று சொல்கிறேன், இந்த ரெலிகிராமுக்குப் பின்னால் இருந்து ‘அக்கா’வாக ரைப் பண்ணுகிறவர்கள் எல்லாரும் விரும்பி இருக்கிறவர்கள் இல்லை. தாய்லாந்தில் ஐரி வேலை என்று கூட்டிப்போய் மியன்மாரின் மியாவடிப் பக்க முகாம்களில் அடைத்து வைத்து இப்படியான மோசடி வேலை செய்வித்த இலங்கையரை 2024இல் கட்டம் கட்டமாக மீட்டார்கள். ஆகவே ‘வெளிநாட்டில் டேட்டா என்ட்ரி வேலை, ஆங்கிலம் போதும், விசிட் விசாவில் வா’ என்று அந்தக் கிரவுண்ட் அண்ணா அடுத்ததாகச் சொன்னால் அதற்கும் பிள்ளைகளை விடாதீர்கள். முகவர் உண்மையா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திடம் 1989இல் கேட்கலாம்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒன்று. கம்பனி என்று சொல்லிக்கொண்டு ஒவ்வொரு முறையும் வேறு வேறு தனியாளின் பெயருக்குக் காசு போடச் சொன்னால் அது கம்பனி இல்லை. உங்கள் கணக்கில் யாருடையது என்று தெரியாத காசு விழுந்தால் யார் சொன்னாலும் மாற்றிவிடாதீர்கள், வங்கிக்குச் சொல்லுங்கள். மூவாயிரம் தருகிறார்களே என்று பார்த்தால் வழக்கு உங்கள் பெயரில்தான் வரும்.

கணக்கு இன்னும் முடக்கத்தில்தான் இருக்கிறது. எங்கள் பெடியன் ரெலிகிராம் சாட் ஒன்றையும் அழிக்காமல் வைத்திருந்ததால்தான் அவனும் ஏமாந்தவன் என்று காட்ட முடிந்தது. அவர்கள் தங்கள் பக்கத்தில் அழித்தால் உங்கள் பக்கத்திலும் போய்விடலாம், அதனால் சந்தேகம் வந்த உடனேயே ஸ்கிரீன்ஷொட் எடுத்து வேறு இடத்தில் போட்டு வையுங்கள், அவர்கள் தந்த கணக்கு இலக்கங்கள், பெயர்கள், நேரம் எல்லாம் தெரியும்படி. யாழ்ப்பாணத்தில் வலிகாமம் பக்கம் கிரவுண்டில் யாரிடமாவது கார்டோ சிம்மோ கொடுத்துவிட்டு இருக்கிற பிள்ளைகள் இன்றைக்கே வங்கிக்குச் சொல்லிக் கார்டை நிறுத்துங்கள், சிம்மையும் நிறுத்துங்கள். இதே ஆளிடம் மாட்டினவர்கள் இருந்தால் எனக்குத் தனியே அறிவியுங்கள், பெயர் வெளியில் வராது. இதுவரை மூன்று வீட்டுக்காரர் சேர்ந்திருக்கிறோம், தனித்தனியே போவதைவிடச் சேர்ந்து போனால் பொலிஸும் கொஞ்சம் காது கொடுக்கிறது.