மோல்டன் பிஜி4500: ஆடுறவருக்கு ஒரு கணக்கு, கோச்சுக்கு ஒரு கணக்கு

காலேஜ் பாஸ்கெட்பால் டீமில் ஆடுகிற வரைக்கும் பந்தைப் பற்றி ஒரே கேள்விதான்: கையில் நிற்கிறதா? அதே ஆள் விசில் மாட்டிக்கொண்டு கோச் ஆனதும் கேள்வி மாறிவிடும். டஜன் பந்து வேண்டும், வருஷம் தாங்க வேண்டும், ஸ்போர்ட்ஸ் ஃபண்டில் எவ்வளவு மிச்சம்? முதல் கேள்விக்கு மோல்டன் கம்பெனியின் பிஜி4500 பந்து நூற்றுக்கு நூறு. இரண்டாவதில், சென்னையைப் பொறுத்தவரை, பார்டர் பாஸ்.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். மோல்டனின் பழைய ஜிஜி7எக்ஸ் பந்து இருந்த இடத்துக்கு 2019-ல் வந்த பந்து இது. வழக்கமான 8 பேனலுக்குப் பதில், அதாவது மேலுறைத் துண்டுகளுக்குப் பதில், 12 பேனல். இந்த 12 பேனல் அமைப்பு 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் களமிறங்கியது. வடிவமைத்தது கார் டிசைனர் ஜுஜாரோவின் நிறுவனம். கோடுகள் கூடுதலாக இருப்பதால், பாஸ் வாங்கிய வேகத்தில் ஷூட் செய்கிறவர் பந்தை அதிகம் உருட்டித் தேட வேண்டாம், விரல் நுனிக்குக் கோடு சட்டென்று மாட்டும். மேலுறை காம்போசிட் லெதர், அதாவது செயற்கைத் தோல். அசல் தோலில் வரும் பிஜி5000 போல நாள்கணக்கில் ஆடிப் பழக்க வேண்டியதில்லை, பெட்டியிலிருந்து எடுத்ததுமே ஆடலாம்.

சிக்கல், இது இன்டோர் பந்து. மரத்தளத்துக்கென்று செய்தது. நம் காலேஜ்கள் பலவற்றில் திறந்தவெளி சிமென்ட் கோர்ட். பக்கத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம், தரையெல்லாம் பொடி இலையும் மண்ணும். சிமென்ட்டில் ஒவ்வொரு டிரிபிளுக்கும் மேலுறையின் புள்ளிகள் தேய்கின்றன, இடுக்கில் தூசி அடைகிறது. முதலில் அங்கங்கே பளபளப்பு தெரியும், பிறகு பஞ்சு போல நார் எழும். அந்த நிலையில் மே மாத வியர்வைக் கையோடு பிடித்தால் பந்து வழுக்கத்தான் செய்யும். அதற்குக் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை.

அதனால் டீமுக்கு வாங்கும்போது மேட்சுக்கென்று பிஜி4500 இரண்டு போதும். தினசரி பயிற்சிக்கு ரப்பர் பந்தோ, வெளியிலும் ஆடலாம் என்று வருகிற பிஜி3800 போன்ற காம்போசிட்டோ எடுக்கலாம். ஒரு பிஜி4500 விலைக்கு சாதாரண ரப்பர் பந்து நாலைந்து தாராளமாக வரும். ஆனால் ரப்பரிலேயே பழகிவிட்டு நேராக இன்டோர் மேட்சுக்குப் போனால் ஷாட் நீளம் மாறும். ரப்பர் துள்ளுவது வேறு மாதிரி. டோர்னமென்டுக்கு முந்தைய வாரம் மேட்ச் பந்தை வெளியே எடுத்து, தினமும் அரை மணி நேரம் ஃப்ரீ த்ரோவும் 6.75 மீட்டர் மூன்று புள்ளிக் கோட்டிலிருந்து ஷூட்டிங்கும் மட்டும் செய்தால் கை பழகிவிடும். டிரிபிள் டிரில்லை அப்போதும் ரப்பரிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பந்துகள் தேய்ந்து மட்டும் சாவதில்லை, காற்றழுத்தத்தாலும் சாகின்றன. வால்வு பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அழுத்தத்துக்கு மேல் போகக்கூடாது. காலையில் 8 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வைத்த பந்தை கார் டிக்கியில் போட்டுவிட்டு மதியம் திறந்தால், உள்ளே 50 டிகிரி சூட்டில் அது 10-ஐ நெருங்கியிருக்கும். தொடர்ந்து இப்படி நடந்தால் பேனல் ஒட்டிய பசை இளகி ஓரம் தூக்கும், பந்து முட்டை வடிவத்துக்குப் போகும். நேர்மாறும் உண்டு: வெயிலில் சரிபார்த்த பந்து ஏசி அரங்குக்குள் போய்க் குளிர்ந்ததும் அழுத்தம் ஒரு பிஎஸ்ஐ அளவுக்குக் குறையும். பையன்கள் ரிங்கைக் குறை சொல்வார்கள். ஆடப்போகும் இடத்திலேயே, பந்து அந்தச் சூட்டுக்கு வந்தபிறகு அளக்க வேண்டும். அழுத்தம் அளக்கும் கேஜ் இல்லையா? பந்தின் அடிப்பக்கம் 1.8 மீட்டர் உயரத்தில் இருக்கும்படி பிடித்து விடுங்கள். துள்ளி வரும்போது மேல்பக்கம் 1.2 முதல் 1.4 மீட்டருக்குள் வந்தால் சரி.

ஊசியைத் தண்ணீரில் நனைத்து நேராக இறக்குங்கள். காய்ந்த ஊசியைத் திருகிச் செருகினால் வால்வு கிழியும், அதற்கப்புறம் பஞ்சர் கடைக்காரராலும் ஒன்றும் செய்ய முடியாது. துடைக்க ஈரத்துணி, உலர நிழல். சோப்பு வேண்டாம். பிரேக்கில் பந்து மேல் உட்காருகிற பழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள்.

சைஸ் விஷயத்தில் ஆண்களுக்கு 7, பெண்களுக்கு 6. அணிக்கு மூன்று பேர் ஆடும் 3x3 ஆடுகிறவர்களுக்கு இது ஆகாது. அங்கே அதிகாரப்பூர்வ பந்து வில்சன், சுற்றளவு 6-க்கு உரியது, எடை 7-க்கு உரியது.

பெரியமேட்டில் நேரு ஸ்டேடியத்தைச் சுற்றியுள்ள கடைகளில் வாங்கினாலும் சரி, ஆன்லைனில் வாங்கினாலும் சரி, போலி உண்டு. 7 சைஸ் பந்தை எடை போட்டால் 580–620 கிராமுக்குள் நிற்க வேண்டும். சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் முத்திரையைத் தேடுங்கள். கோடுகள் சந்திக்கும் இடத்தில் மேடு பள்ளம் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். பிறகு முறுக்கி மேலே எறியுங்கள். சுழலும்போது கோடுகள் தள்ளாடினால் பில் போடுவதற்கு முன்பே வேறு பந்து கேளுங்கள்.