பிதிர் தோஷம்னு ஹட்டன் பக்கம் யாராவது வந்தா, காசு குடுக்க முன்ன இத வாசிங்க

தம்பிக்குப் பேசின கல்யாணம் ரெண்டாவது தடவையும் குழம்பின பிறகு அம்மா சோறே சரியா சாப்பிடல. டவுன்ல ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற ஒரு சாமி நல்லா பார்க்கிறார்னு பக்கத்து லயத்து அக்கா சொல்ல, போனோம். பார்க்கிறதுக்கு மட்டும் 1,000 ரூபா.

ஜாதகத்தை ஒரு புரட்டு புரட்டிட்டுக் கண்ணை மூடினார். "உங்க வம்சத்துல ஒருத்தர் காட்டு வழியில தண்ணி கேட்டுச் செத்திருக்கார். ஏழு தலைமுறையா அலையிறார்." அம்மா அங்கயே அழுதுட்டாங்க. எனக்கும் ஒடம்பு சிலிர்த்துச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

பிறகுதான் பிடிபட்டுச்சு. கோப்பிக் காலத்துல, 1820களுக்குப் பிறகு, தோட்ட வேலைக்குன்னு இந்தியாவிலருந்து வந்து மன்னார்ல இறங்கி மாத்தளை வரைக்கும் காட்டுக்குள்ளால நடந்து வந்த சனம் நாங்க. கொலரா, காய்ச்சல், பசின்னு வழிநெடுக விழுந்தாங்க. மலையகத்துல எந்த வீட்டுல இதச் சொன்னாலும் பொருந்துமே!

அதுக்குள்ள அப்பாவோட ஈபிஎஃப் காசுல 85,000 போயிருச்சு. ராமேஸ்வரத்துல எங்க பேர்ல தில ஹோமம், பிண்டம், எல்லாத்துக்கும் வீடியோ வருமாம். ரிசீட் கேட்டா பலன் போயிருமாம்.

வீடியோ வந்துச்சு. மேல பக்திப் பாட்டு போட்டிருந்ததால சங்கல்பத்துல யார் பேரு, என்ன கோத்திரம், ஒண்ணும் கேக்கல. மஸ்கெலியாவில இருக்கிற பெரியம்மா மகளும் அதே ஆளுகிட்ட குடுத்திருக்கா. ரெண்டு ஃபோனையும் பக்கத்துல வச்சுப் பார்த்தோம். அதே வாழையிலை, நுனியில அதே கிழிசல், அதே நொண்டிக் காக்கா மூணாவது பிண்டத்தைக் கொத்துது. கேட்டதுக்கு, ஆத்மா பாதிதான் கரையேறியிருக்கு, இன்னும் 40,000 வேணும்னார். அடுத்த நாள்லருந்து ஃபோன் ஓஃப்.

ஆடி அமாவாசைக்கு எங்க கோயில் குருக்கள் தர்ப்பணம் செஞ்சு வச்சார். எள்ளு, தர்ப்பை, பச்சரிசி, வாழைக்காய், தட்சணை எல்லாம் சேர்த்து 3,000 தாண்டல. பேர் சொல்லிக் கூப்பிடுறது அப்பா வழியில மூணு தலைமுறை, அம்மா வழியில மூணு, அவ்வளவுதானாம். வழியில செத்தவங்க? "கடைசில யாருமில்லாதவங்களுக்குன்னு தர்ப்பையில தண்ணி விட்டியே, அது யாருக்குன்னு நெனச்ச?"ன்னு கேட்டார்.

அந்தச் சாமி இப்ப பண்டாரவளைப் பக்கம்னு கேள்வி. பொலிஸ்ல முறைப்பாடு போட்டிருக்கோம். உங்ககிட்ட வட்ஸ்அப் மெசேஜ், பேங்க் ஸ்லிப், அந்தக் காக்கா வீடியோ இருந்தா அழிச்சிராதீங்க, நீங்களும் போய்ப் போடுங்க.

எங்க வீட்டுல அம்மாவும் அதை அழிக்க விடல, வேற காரணத்துக்கு. "யார் வீட்டுப் பிண்டமோ, காக்கா எடுத்துச்சுல்ல"ங்கிறாங்க.