டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3: வீட்டு வைஃபைக்கு எந்தப் பூட்டு?

வைஃபை ரவுட்டரின் ரேடியோ அலைகள் சுவரைக் கடந்து தெருவரை செல்வதால், அவற்றில் போகும் தரவை மறையாக்கம் செய்யும், அதாவது பிறர் படிக்க முடியாதபடி மாற்றும், முறையே வீட்டு இணைப்புக்கு உண்மையான பூட்டு. 2004இல் வந்த டபிள்யூபிஏ2, 2018இல் வந்த டபிள்யூபிஏ3 ஆகிய இரண்டு முறைகளும் இன்று புழக்கத்தில் உள்ளன.

டபிள்யூபிஏ2இல் கைப்பேசி இணையும்போது ரவுட்டருக்கும் அதற்குமிடையே நான்கு செய்திகள் பரிமாறப்படுகின்றன. கடவுச்சொல் அவற்றில் நேரடியாகச் செல்வதில்லை. ஆயினும் பக்கத்து மாடியிலிருந்து ஒருவர் அந்தச் செய்திகளைப் பதிவு செய்துகொண்டால், பிறகு தம் கணினியில், ரவுட்டருக்குத் தெரியாமலேயே, லட்சக்கணக்கான சொற்களை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கலாம். பிள்ளையின் பெயரோடு பிறந்த ஆண்டைச் சேர்த்து வைத்த கடவுச்சொல் (நம்மில் பலருடையது அதுதான்) இதற்கு வெகுநேரம் தாக்குப்பிடிக்காது.

டபிள்யூபிஏ3இல் ஒவ்வோர் ஊகத்தையும் ரவுட்டரிடமே சோதித்தாக வேண்டும் என்பதால் இந்த வழி அடைபடுகிறது. கடவுச்சொல் பின்னாளில் கசிந்தாலும், முன்பு பதிவு செய்த தரவை அதைக்கொண்டு படிக்க இயலாது. குறையற்றது என்று சொல்வதற்கில்லை: 2019இல் மாத்தி வான்ஹூஃப், எயால் ரோனன் ஆகிய ஆய்வாளர்கள் இதிலும் ஓட்டைகளைக் காட்டினர்.

பழைய பிரிண்டர், டிவி போன்றவை டபிள்யூபிஏ3இல் இணையாமல் போகலாம். அப்போது இரண்டையும் ஏற்கும் ரவுட்டரின் கலப்பு முறை உதவும். ஆனால் அதில் டபிள்யூபிஏ2இன் பலவீனமும் கூடவே வருவதால், எல்லாக் கருவிகளும் ஏற்குமானால் டபிள்யூபிஏ3ஐ மட்டும் வைப்பதே என் தேர்வு. ஏற்காவிட்டால், டபிள்யூபிஏ2இலேயே தொடர்பற்ற நான்கைந்து சொற்களைக் கோத்து நீண்ட கடவுச்சொல் வைக்கலாம்; 63 எழுத்துகள் வரை இடமுண்டு.