தார்ப்பாய்க் கடையில் தைத்த பன்றித் தூளி

பெங்களூரு கலாசிபாளையம் பக்கம் தார்ப்பாய் தைக்கும் கடை ஒன்றில், எங்கள் ஆய்வுக்கூடப் பன்றிகளுக்கு ஸ்லிங் தைக்கக் கொடுத்தோம். ரத்தம் எடுக்கும்போது பன்றியைத் தொங்கவிட, இரும்புச் சட்டத்தில் மாட்டும் கித்தான் தூளி. நாலு காலுக்கு நாலு ஓட்டை. “பன்னிக்கா சார்?” என்று சிரித்தார் கடைக்காரர், தர்மபுரிக்காரர். ஆனால் அளவு பிசகாமல் வெட்டினார்.

துணி நல்ல கெட்டி. ஓட்டைகளின் விளிம்புதான் முரடு. தொடை இடுக்கில் தோல் சிவந்துவிட்டது. பஞ்சு வைத்துத் திரும்பத் தைத்துக் கொடுத்தார். அதற்குத் தனிக்காசு வாங்கியதுதான் கடுப்பு.

தூளி பாதி வேலைதான். பழக்காத பன்றியைத் தூக்கினால் அது போடும் அலறல் 100 டெசிபலைத் தாண்டும், பக்கத்துக் கொட்டில்களும் சேர்ந்து மிரளும். அதனால் முதலில் துணியைத் தரையில் போட்டு மோந்து பார்க்க விட்டோம். அப்புறம் ஆப்பிள் துண்டு கொடுத்தபடி ஓரிரு நிமிடம் ஏற்றினோம். கத்தத் தொடங்குவதற்கு முன்பே இறக்கிவிட வேண்டும். கூட்டாளிப் பன்றி கண்ணில் படும்படி நின்றால் இன்னும் நல்லது. இப்போது காதில் ரத்தம் எடுக்கும்போதுகூட எங்கள் பெட்டை ஒன்று தன் பாட்டுக்கு மென்றுகொண்டு தொங்குகிறது. அமுக்கிப் பிடித்து எடுத்தால் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறி, ஆய்வு முடிவே கெட்டுவிடும்.

20 கிலோவுக்குள் இருக்கும் பன்றிகளுக்குத் தாராளமாக வாங்கலாம். பெரியதுக்கு இந்தச் சட்டம் தாங்காது. பில்லைக் கேட்டு வாங்குங்கள், அவராகத் தரமாட்டார்.